விளையாட்டு அரட்டையில் வசை: எப்போது ம்யூட், எப்போது ரிப்போர்ட், எப்போது காவல்துறை?

பட்டாசு ஆலைகளின் உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. ஒரு சிறு பொறியும் உயிரைப் பறிக்கும் என்பதால் வந்த கட்டுப்பாடு அது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சில வீடுகளில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அத்தாவும் அம்மாவும் வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளை அதை எடுக்கிறான். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், வேலை நெருக்கும் நாள்களில், மாலை வரை அவனுக்குத் துணை அந்தக் கைப்பேசிதான்.

எத்தனை மணி நேரம் விளையாடினாய், எவ்வளவு பணம் போனது என்று நாம் கேட்கிறோம். ஹெட்செட்டுக்குள் உன்னிடம் பேசுவது யார், என்ன பேசுகிறார்கள் என்று கேட்பது குறைவு. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பது நம் பிள்ளையின் குரல் மட்டும்தான். மறுமுனையில் இருப்பவர் வாழ்த்துகிறாரா, வசைபாடுகிறாரா, மிரட்டுகிறாரா என்பது வெளியே கேட்காது.

அந்த அரட்டையில் வசை வந்தால் என்ன செய்வது, யாரிடம் புகார் சொல்வது, நம் பிள்ளையின் வாயையே விளையாட்டு நிறுவனம் தவறாக அடைத்துவிட்டால் எங்கே முறையிடுவது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அரட்டை எங்கெல்லாம் நடக்கிறது?

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற ஆட்டங்களில் பேச்சு ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் காத்திருக்கும் லாபியில் பேசலாம். ஆட்டத்தில் தன் அணியினருடன் மைக்கில் பேசலாம். சில ஆட்டங்களில் அருகில் வரும் எதிரணிக்கும் குரல் கேட்கும். எழுத்தில் செய்தி அனுப்பலாம். கில்டு, கிளான் என்று சொல்லப்படும் குழுக்களுக்குத் தனி அரட்டை உண்டு. இவற்றைத் தாண்டி டிஸ்கார்டு, வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப் நேரலை என்று பேச்சு வெளியேயும் போகும்.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஆட்டத்துக்குள் பேசியதற்குத்தான் அந்த விளையாட்டு நிறுவனம் பொறுப்பு. “இங்கே வேண்டாம், டெலிகிராமுக்கு வா” என்று ஒருவர் அழைத்துப் போய்விட்டால், ஆட்டத்திலுள்ள ரிப்போர்ட் பொத்தானுக்கு அங்கே வேலை இல்லை. முன்பின் தெரியாதவர் பிள்ளையை வெளியே அழைப்பதே எச்சரிக்கை மணி என்று கொள்ள வேண்டும்.

மூன்று கருவிகள், மூன்று வேலைகள்

ம்யூட், பிளாக், ரிப்போர்ட் மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ம்யூட் என்பது நம் காதை நாமே மூடிக்கொள்வது. அவர் பேசுவார், நமக்குக் கேட்காது. இதற்குக் காரணம் சொல்ல வேண்டாம், ஆதாரம் வேண்டாம். யாருடைய பேச்சுரிமையும் இதனால் குறைவதில்லை. பேச எல்லாருக்கும் உரிமை இருக்கிறது என்றால், கேட்காமல் இருக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது.

பிளாக் என்பது கதவைச் சாத்துவது. அந்த நபர் நட்பு அழைப்போ தனிச்செய்தியோ அனுப்ப முடியாது. ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தொல்லை தந்தால் இது தேவை. ஆனால் அவர் புதுக் கணக்கில் வரலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ரிப்போர்ட் என்பது வேறு வகை. இது அடுத்தவர் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை ஏற்றால், அவருடைய அரட்டை சில நாள்களுக்கு அடைக்கப்படலாம், கணக்கு முடக்கப்படலாம், நிரந்தரமாகவே நீக்கப்படலாம். எனவே ரிப்போர்ட் செய்பவர் சாட்சி சொல்பவரின் இடத்தில் நிற்கிறார். நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், நடந்த அளவுக்குத்தான் சொல்ல வேண்டும்.

தோற்ற கோபத்தில் “எல்லாரும் இவனை ரிப்போர்ட் அடிங்கடா” என்று நண்பர்களைத் திரட்டுவது பிள்ளைகளிடம் சாதாரணமாகிவிட்டது. விசாரிக்காமல் ஒருவர் மீது பழி போடக் கூடாது என்று மதரஸாவில் படிக்கும் பிள்ளைக்கு, அந்தப் பாடம் இந்தப் பொத்தானுக்கும் பொருந்தும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். பட்டப்பெயர் வைத்து இழிவுபடுத்தக் கூடாது என்ற பாடமும் அப்படியே. நம் பிள்ளை திட்டு வாங்குகிறான் என்று கவலைப்படும் நாம், அவன் மைக்கில் என்ன பேசுகிறான் என்பதையும் ஒரு நாள் காது கொடுத்துக் கேட்போம்.

எது எந்த அளவு?

எல்லா வசையும் ஒரே அளவானதல்ல. நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிது.

முதல் படி, ஆட்டச் சீண்டல். “நூப்”, “விளையாடத் தெரியாதவன்”, “போய்த் தூங்கு” போன்றவை. மனம் சுருங்கும், ஆனால் குற்றமில்லை. ம்யூட் போதும். இதற்கெல்லாம் ரிப்போர்ட் செய்தால் உண்மையான புகார்கள் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

இரண்டாம் படி, தொடர் வசை. கெட்ட வார்த்தைகள், தாய் தந்தையரை இழுத்துப் பேசுவது, ஒருவரையே குறிவைத்து ஆட்டம் முழுதும் துரத்துவது. ம்யூட், பிளாக் இரண்டும் செய்து ரிப்போர்ட்டும் செய்யலாம்.

மூன்றாம் படி, மதம், சாதி, பாலினம், உடற்குறை இவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவது. ஆதாரம் எடுத்து ரிப்போர்ட் செய்ய வேண்டும். நிறுவனம் அசையாவிட்டால் மேல்முறையீடு வரை போக வேண்டும்.

நான்காம் படி, குற்றம். கொல்வேன், வீட்டுக்கு வருவேன் என்ற மிரட்டல், பிள்ளையிடம் புகைப்படம் கேட்பது, ஆபாசப் பேச்சு, “டயமண்ட் தருகிறேன், யுசி தருகிறேன், ஓடிபி சொல்லு” என்று பணம் பறிப்பது. இங்கே ரிப்போர்ட் பொத்தான் மட்டும் போதாது. பெரியவர்களும் காவல்துறையும் தலையிட வேண்டிய இடம் இது.

தமிழகம் கண்ட வழக்கு

விளையாட்டில் பேசுவதெல்லாம் விளையாட்டுக்குத்தானே என்று கேட்பவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் ‘பப்ஜி மதன்’ வழக்கு பதில் சொல்கிறது. யூடியூபில் பப்ஜி ஆட்டத்தை நேரலையாகக் காட்டிக்கொண்டே, உடன் விளையாடுவோரை, குறிப்பாகப் பெண்களை, மிக ஆபாசமாகப் பேசினார் என்று அவர் மீது புகார்கள் குவிந்தன. பப்ஜியோ 2020 செப்டம்பர் 2 அன்றே மத்திய அரசால் தடை செய்யப்பட்டிருந்தது. அவருடைய சேனலை லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். அவர்களில் சிறுவர்கள் பலர்.

முன்ஜாமீன் கேட்டு அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, அந்தப் பேச்சை முதலில் கேட்டுவிட்டு வந்து வாதாடுமாறு அவருடைய வழக்கறிஞரிடம் நீதிபதி கூறினார். 2021 ஜூன் 18 அன்று தர்மபுரியில் அவர் கைது செய்யப்பட்டார். பிறகு குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழும் காவலில் வைக்கப்பட்டார். குற்றச்சாட்டுகளின் உண்மை நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஆட்டத்தின் இடையே பேசினாலும் பேச்சு பேச்சுதான், சட்டம் அதைத் தனியாக ஒதுக்கி வைப்பதில்லை. இன்னொன்று, அந்த வழக்கு நகர்ந்ததற்குக் காரணம் பதிவுகள் கையில் இருந்ததுதான். பதிவு இல்லாத வசை காற்றோடு போய்விடும்.

பெயரைப் பார்த்தே வரும் வசை

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆட்டத்தில் வைத்திருக்கும் பெயர் முஸ்லிம் பெயராக இருந்தால், சில நேரம் ஒரு வார்த்தை பேசும் முன்பே “பயங்கரவாதி”, “பாகிஸ்தானுக்குப் போ” என்று தொடங்கிவிடுகிறார்கள். சலாம் சொன்னதற்கே கேலி வருவதும் உண்டு. பத்து, பன்னிரண்டு வயதில் இதைக் கேட்கும் பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. கேட்டதைத் திருப்பிச் சொல்லவே கூச்சம் இன்னொன்று. பெயரை மாற்றிவைத்துக்கொண்டு விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது “நீ தப்புச் செய்யவில்லை” என்ற சொல். அடுத்தது, பதிலுக்குத் திட்டாமல் இருக்கும் பயிற்சி. இரு பக்கமும் திட்டியிருந்தால் நிறுவனம் இருவரையும் தண்டிக்கும், அல்லது இருவரையும் விட்டுவிடும். திருப்பித் திட்டிய நொடியிலேயே நம் புகாரின் வலு பாதியாகிவிடுகிறது.

மூன்றாவது செய்தி ஊருக்கே உரியது. ஆட்டத்தில் தெரியும் பெயரும் படமும் ஒருவரின் அடையாளம் அல்ல. யாரும் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். இந்துப் பெயரில் ஒரு முஸ்லிமும், முஸ்லிம் பெயரில் வேறொருவரும் இருந்து வம்பு வளர்க்கலாம். பேசியவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம். எனவே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “இவன் நம் ஊர்க்காரன்தான்” என்று யாரையாவது கைகாட்டுவது பெரும் ஆபத்து. ஒரே அச்சகத்திலும் ஒரே ஆலையிலும் ஒரே வகுப்பிலும் சேர்ந்திருக்கும் மக்கள் நாம். முகம் தெரியாத ஒருவன் ஆட்டத்தில் கொட்டிய விஷத்தை நம் தெருவுக்குள் நாமே கொண்டுவரக் கூடாது. ஆதாரம் போக வேண்டிய இடம் நிறுவனமும் காவல்துறையும்தான்.

சொல்லை மட்டும் பார்த்தால் வரும் தவறு

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். வசையைத் தடுக்க நிறுவனங்கள் பெரும்பாலும் சொல் வடிகட்டிகளை நம்புகின்றன. குறிப்பிட்ட சொற்கள் வந்தால் நட்சத்திரக் குறியாக மாறும், அல்லது எச்சரிக்கை வரும். இந்த வடிகட்டிகளுக்கு ஆங்கிலம் தெரிந்த அளவுக்குத் தமிழ் தெரிவதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் வசையை எழுதினால் அது நழுவிவிடும். ஒன்றுமில்லாத சொல் மாட்டிக்கொள்ளும்.

சிவகாசிப் பிள்ளை ஒருவன் நண்பனுக்கு, “அத்தா இன்னைக்கு அணுகுண்டு ரெண்டு பெட்டி கொண்டு வந்தாங்க, ராத்திரி வெடிக்கலாம்” என்று ஆட்டத்தின் அரட்டையில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது பட்டாசு. குருவி வெடி, லட்சுமி வெடி, சரம், ராக்கெட் போல அணுகுண்டும் கடையில் விற்கும் சரக்கு. இதையே ஆங்கிலத்தில் “பாம்” என்று எழுதி, எழுதியவன் பெயரும் முஸ்லிம் பெயராக இருந்து, முன்பின் தெரியாத ஒருவர் ரிப்போர்ட் செய்தால், அது எப்படிப் படிக்கப்படும்? சூழலை விட்டுச் சொல்லை மட்டும் எடுத்தால் நம் ஊர்ப் பேச்சே குற்றமாகத் தோன்றும்.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல என்பதற்கு ‘ஷஹீத்’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களை நடத்தும் மெட்டா நிறுவனம், ஆபத்தானவர்கள் என்று தான் பட்டியலிட்டவர்களைக் குறித்து அந்தச் சொல் வந்தாலே, என்ன பொருளில் வந்தது என்று பாராமல் பதிவை நீக்கிவந்தது. மெட்டாவின் தளங்களில் வேறு எந்த ஒற்றைச் சொல்லையும்விட அதிகப் பதிவுகள் நீக்கப்பட்டது இந்தச் சொல்லுக்காகத்தான். மெட்டாவின் முடிவுகளை ஆராயும் மேற்பார்வை வாரியம் 2024 மார்ச் 26 அன்று, இந்தத் தடை தேவைக்கு மேல் அகலமானது, லட்சக்கணக்கானோரின் பேச்சைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்லி, அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. செய்தி சொல்பவரும், ஆய்வு செய்பவரும், இரங்கல் எழுதுபவரும் அதே சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்பது வாரியம் எடுத்துக்காட்டிய காரணம். அந்த ஆண்டு ஜூலையில் மெட்டா தன் அணுகுமுறையை மாற்ற ஒப்புக்கொண்டது.

வசையால் காயப்படுவதும் நாம், வடிகட்டியில் சிக்குவதும் நாம். அதனால்தான் கடுமையான தணிக்கை வேண்டும் என்றோ, தணிக்கையே வேண்டாம் என்றோ ஒரு பக்கம் சாய நம்மால் முடிவதில்லை. சொல்லோடு சூழலையும் பார்க்கும் மனிதர் வேண்டும், தவறாகத் தண்டித்தால் முறையிட வழி வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க முடியும்.

உலகில் நடந்த விவாதம்

2022 ஜூலை 27 அன்று மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் 1.19.1 என்ற புதுப்பிப்பு வந்தது. அரட்டையில் ஒருவர் எழுதிய செய்திகளைத் தேர்ந்தெடுத்து நிறுவனத்துக்கு ரிப்போர்ட் செய்யும் வசதி அதில் இருந்தது. தடை விதிக்கப்பட்டால், தனியார் தாமே நடத்தும் சர்வர்களிலும் அவர் விளையாட முடியாது. வீரர்கள் பெரும் எதிர்ப்புக் கிளப்பினார்கள். நாங்கள் சொந்தமாக நடத்தும் இடத்தில், நாங்கள் வைத்த விதிகளின்படி நண்பர்கள் பேசிக்கொள்வதில் நிறுவனத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. சூழலை மறைத்து, செய்திகளைப் பொறுக்கி எடுத்துப் பழிவாங்குவார்கள் என்ற பயமும் இருந்தது.

புகாரை மனிதர்களே படித்து முடிவெடுப்பார்கள், தேர்ந்தெடுத்த செய்தியைச் சுற்றியுள்ள உரையாடலும் சேர்ந்தே வரும், எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பது முடிவை மாற்றாது என்று நிறுவனம் விளக்கியது. வசதி நீக்கப்படவில்லை. ஆனால் ஒரு நல்ல ரிப்போர்ட் முறை எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோல் அந்த விவாதத்தில் கிடைத்தது. மனிதர் படிக்க வேண்டும். சூழல் தெரிய வேண்டும். கூட்டம் சேர்ந்து அடித்தால் தீர்ப்பு மாறக் கூடாது.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் இன்னொரு வழியைச் சோதித்துப் பார்த்தது. எதிரணியுடன் பேசும் அரட்டையைத் தொடக்கத்திலேயே அணைத்து வைத்தது. வேண்டியவர் தாமே போட்டுக்கொள்ளலாம். யாரையும் பேசக் கூடாது என்று தடுக்கவில்லை. 2013-இல் அந்நிறுவனம் வெளியிட்ட தகவல்படி, தீய பேச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அரட்டையின் மொத்த அளவு குறையவில்லை. யார் வாயையும் மூடாமலேயே வசையைக் குறைக்கலாம் என்பதற்கு இது சான்று. வீட்டில் நாமும் செய்யக்கூடிய காரியம் இது.

பேச்சுரிமை எதுவரை?

இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) பிரிவு அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் போன்றவை அந்தக் கட்டுப்பாடுகளில் அடங்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. இணையத்தில் எரிச்சலூட்டும், அசௌகரியம் தரும் செய்தி அனுப்பினாலே சிறை என்ற அளவுக்கு அதன் சொற்கள் அகலமாக இருந்தன. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஒரு கருத்தை விவாதிப்பதும், எவ்வளவு பிடிக்காததாக இருந்தாலும் ஆதரித்துப் பேசுவதும் உரிமை, அது தூண்டுதலாக மாறும்போதுதான் சட்டம் தலையிடலாம் என்று அந்தத் தீர்ப்பு கோடு கிழித்தது. அதனால் “என் மகனை நூப் என்று சொன்னான்” என்று காவல் நிலையம் போனால் வழக்கு நிற்காது. நிற்கவும் கூடாது. நாளை நம் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்னொருவர் அதே கதவைத் தட்டுவார்.

ஆனால் மிரட்டலும் ஆபாசமும் வெறுப்பைத் தூண்டுவதும் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், மதம் முதலியவற்றின் பெயரால் பகை வளர்ப்பதற்கு 196, மத உணர்வைப் புண்படுத்தும் உள்நோக்கத்துடன் செய்யும் செயலுக்கு 299, மிரட்டலுக்கு 351, பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல்லுக்கு 79 ஆகிய பிரிவுகள் உள்ளன. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் இணையம் வழியாகப் பாலியல் நோக்கில் பேசுவதும் போக்சோ சட்டத்துக்குள் வரும்.

நிறுவனத்தின் விதிகள் இவற்றுக்கு அப்பாற்பட்டவை. கணக்குத் தொடங்கும்போது “ஏற்கிறேன்” என்று நாம் அழுத்திய பக்கத்தில் அவை இருக்கின்றன. சட்டப்படி குற்றமில்லாத கெட்ட வார்த்தைக்கும் நிறுவனம் அரட்டையை அடைக்கலாம். அதேநேரம், அடைத்ததற்குக் காரணம் கேட்கவும் முறையிடவும் நமக்கு வழி இருக்கிறது.

புகாரின் படிக்கட்டு

1. ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். குரலாக இருந்தால் ஸ்கிரீன் ரெக்கார்டிங். பேசியவரின் பெயரை மட்டும் எடுத்தால் போதாது, அதை அவர் மாற்றிவிடலாம். அவருடைய புரொஃபைலில் உள்ள ஐடி எண்ணையும் எடுக்க வேண்டும். தேதி, நேரம், எந்த ஆட்டம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளை பேசிய பகுதியை வெட்டக் கூடாது. முழு உரையாடல்தான் நம்பகமானது.

2. ஆட்டத்துக்குள் ரிப்போர்ட். ஆட்டம் முடிந்ததும் வரும் பக்கத்திலோ அந்த வீரரின் புரொஃபைலிலோ இந்த வசதி இருக்கும். சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். வசைக்கு “ஏமாற்றி விளையாடுகிறார்” என்று போட்டால் புகார் வேறு குழுவுக்குப் போய்விடும். எழுத இடம் இருந்தால் சுருக்கமாக எழுதுங்கள்: “இந்த ஐடி உள்ளவர், இன்ன தேதி, இன்ன நேரம், குரல் அரட்டையில் என் மதத்தைச் சொல்லி மூன்று முறை இழிவாகப் பேசினார். பதிவு உள்ளது.”

3. குறைதீர் அலுவலர். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இந்தியாவில் செயல்படும் இடைநிலைத் தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்கின்றன. புகாரை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று அந்த விதிகள் அறிவிக்கப்பட்டபோதே கெடு வைக்கப்பட்டது. நம் கணக்கைத் தவறாக முடக்கினாலும் இதே அலுவலரிடம் முறையிடலாம்.

4. மேல்முறையீட்டுக் குழு. அலுவலரின் முடிவில் திருப்தி இல்லையென்றால், மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் இணையம் வழியாகவே மனுச் செய்யலாம். 2022 அக்டோபரில் வந்த திருத்தத்தின்படி அமைந்த குழு இது.

5. காவல்துறை. நான்காம் படிக் குற்றமென்றால் முன்சொன்னவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிப் போகும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. விருதுநகர் மாவட்டத்துக்கென சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. பாலியல் தொல்லையாக இருந்தால் பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் எந்தக் குழுவிலும் பகிரக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடை செய்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ரயட் கேம்ஸ் செய்ததை நாமும் செய்வோம். பிள்ளையின் ஆட்ட அமைப்புகளுக்குள் போய், குரல் அரட்டையை “அணி மட்டும்” என்றோ, சிறு பிள்ளையென்றால் முழுவதும் அணைத்தோ வையுங்கள். முன்பின் தெரியாதவரின் நட்பு அழைப்பையும் தனிச்செய்தியையும் தடுக்க வசதி இருந்தால் தடுத்துவிடுங்கள். பள்ளி நண்பர்களோடு விளையாடும்போது போட்டுக்கொள்ளட்டும்.

வயதைப் பொய்யாகப் பதிய வேண்டாம். 2023-இல் பிஜிஎம்ஐ திரும்ப வந்தபோது 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்ற வரம்பு வைக்கப்பட்டது. அத்தாவின் பிறந்த தேதியில் கணக்குத் தொடங்கிய பிள்ளைக்கு அந்த வரம்பு பொருந்தாது. சிறுவர்களுக்கென்று நிறுவனம் வைக்கும் மற்றப் பாதுகாப்புகளும் அவனுக்குக் கிடைக்காது.

ஆட்டப் பெயரில் ஊர், பள்ளி, பிறந்த ஆண்டு வேண்டாம். முஸ்லிம் பெயரை மறைக்கச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தன் பெயரை வைத்துக்கொள்வது பிள்ளையின் உரிமை. வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் விவரம்தான் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நியாயம் தேவை. பெண் குரல் கேட்டதுமே வசையும் வழிசலும் தொடங்குவது இந்த அரட்டைகளின் தீராத நோய். “அப்ப நீ விளையாடாதே” என்பதே நம் ஒரே பதிலாக இருந்தால், திட்டியவன் விளையாடிக்கொண்டிருப்பான், திட்டு வாங்கியவள் வெளியேறியிருப்பாள். அடுத்த முறை அவள் நம்மிடம் சொல்லவும் மாட்டாள்.

கடைசியாக, கைப்பேசியைப் பிடுங்கும் தண்டனையைப் பற்றி. கெட்டதைக் கேட்டதற்காகவும் அதைச் சொன்னதற்காகவும் பிள்ளை தண்டிக்கப்படக் கூடாது. “உனக்கு என்ன கேட்டாலும் என்னிடம் சொல்லலாம், போனை வாங்க மாட்டேன்” என்று ஒரு வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். ஆலைக்குள் கைப்பேசி இல்லாத அந்த எட்டு மணி நேரமும் பிள்ளை நம்மை அழைக்க முடியாது. ம்யூட் பொத்தான் எங்கே, ரிப்போர்ட் பொத்தான் எங்கே, அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரம் விடுமுறை நாளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டு, ஒரு ஆட்டம் முழுக்கக் கேளுங்கள்.